சுனோவுக்குப் பாரிஸ் தெரிகிறது, பினாங்கு தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு செய்யும் பாட்டுகளைக் கோயில் திருவிழாவிலும் திருமண விருந்திலும் போடவே கூடாது என்று எழுதியிருந்தார். யந்திரப் பாட்டில் உயிர் இல்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அந்த யந்திரத்தின் மேல் ஒரு கோபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உயிர் இல்லை என்று ஒரே அடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், சுனோ என்ற பாட்டுக் கட்டும் கருவியில் நானே நாற்பது பாட்டு செய்து பார்த்துவிட்டேன். அதுவும் பிரெஞ்சுப் பாட்டு. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

எனக்கு வயது 71. பினாங்குத் துறைமுகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பகலில் கிடங்கு, சனிக்கிழமை ராத்திரியானால் அக்கார்டியன், அதாவது மார்பில் மாட்டித் துருத்தியை இழுத்துத் தள்ளி வாசிக்கிற பெட்டி. 1974 முதல் ஏறக்குறைய இருபது வருடம், ஏழு பேர் கொண்ட ஓர் இன்னிசைக் குழுவில் வாசித்தேன். குழுவின் பெயரைச் சொன்னால் பழைய ஆட்கள் இன்றைக்கும் சம்பள பாக்கி கேட்டு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், சுங்கைப்பட்டாணி என்று திருமண விருந்து எங்கே நடந்தாலும் போவோம். அக்கார்டியன் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஜோகெட் என்ற மலாய் ஆட்டப் பாட்டு வாசித்த ஒரு பெரியவர். வாசித்ததெல்லாம் மெல்லிசை மன்னர் பாட்டு. அவருடைய குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியின் விரலை வானொலியில் கேட்டுக் கேட்டே நாங்கள் பழகினோம்.

என் பேத்தி பத்து பெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறாள். வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி செய்து காட்ட வேண்டுமாம். "தாத்தா, நான் கேபரே பாட்டு ஒண்ணு பண்ணப் போறேன்" என்று கூடத்தில் சத்தமாகச் சொன்னாள். சமையற்கட்டிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

வந்ததில் தப்பில்லை. எங்கள் தலைமுறைக்குக் கேபரே என்றால் சுவாத்தோவ் லேன் நியூ வோர்ல்ட் பார்க் மாதிரி இடம். கூப்பன் வாங்கிக் கொடுத்தால் ஒரு பெண்ணோடு ஒரு பாட்டுக்கு ஆடலாம். அல்லது தமிழ்ப் படத்தில் வில்லன் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எல்.ஆர். ஈஸ்வரி குரலில் வருகிற கிளப் டான்ஸ். எங்கள் அப்பா முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னால் கன்னம் பழுத்துவிடும்.

பேத்தி கற்றுக்கொண்டு வந்தது வேறு கதை. பாரிஸில் மோன்மார்த்தர் என்று ஒரு மேட்டுப் பகுதி. 1881-இல் ரொடோல்ஃப் சாலி என்பவர் அங்கே 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் ஒரு கடை திறந்தார். கவிஞர்களும் ஓவியர்களும் குடித்துக்கொண்டே பாட்டுக் கட்டிய இடம் அது. திரையில் நிழலாட்டம்கூட நடத்தியிருக்கிறார்கள். "அப்படின்னா நம்ம வாயாங் கூலிட் மாதிரி" என்று என் மனைவி கொஞ்சம் சமாதானமாகிக் கரண்டியைக் கீழே வைத்தாள். அரிஸ்தீட் ப்ருவான் என்ற பாடகர் அகலத் தொப்பியும் சிவப்புக் கழுத்துத் துணியுமாக நின்று, கடைக்கு வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி வரவேற்பாராம். திட்டு வாங்குவதற்காகவே பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இவெத் கில்பேர் என்ற பெண்மணி முழங்கைக்கு மேல் ஏறிய கறுப்புக் கையுறையோடு பாட்டைப் பாதி பாடுவார், பாதி பேசுவார். அதற்குப் பின் வந்தவர்கள் ஃப்ரேஹெல், தாமியா. அப்புறம் எதித் பியாஃப். தெருவில் பாடிக்கொண்டிருந்த பியாஃபை 1935-இல் ஒரு கேபரே முதலாளி கண்டெடுத்து மேடையேற்றினார். 1963-இல் காலமாகும்வரை அந்தக் கறுப்புக் கவுனும் கையும் குரலும்தான் அவருக்கு.

இவர்கள் பாட்டில் வரும் சங்கதிகளைச் சொல்லச் சொன்னேன். கப்பல்காரன், துறைமுகம், மழை, திரும்பி வராத ஆள், காத்திருந்து வீணாய்ப்போன பெண். 31 வருடம் துறைமுகத்தில் இருந்தவனுக்கு இதற்கு அகராதி வேண்டாம்.

பழைய பாட்டு எதையும் எடுத்து ஒப்பேற்ற வேண்டாம், சொந்தமாக எழுது என்றேன். எழுதினாள். பன்னிரண்டு வரி. பட்டர்வொர்த் படித்துறையில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கும் ஒரு பெண் கடைசி ஃபெரிக்குக் காத்திருக்கிறாள். 2020 கடைசியில் நின்றுபோன அந்தப் பழைய ஃபெரிதான். பிரெஞ்சில் அது நன்றாக இருந்ததாக அவள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். எனக்கு அர்த்தம் சொன்னபோது ஒரு வரி பிடித்திருந்தது: வாழையிலை வாடினாலும் பசியைக் கட்டிவைக்கும் என்று.

இனி யந்திரத்துக்கு வருகிறேன். அவள் பயன்படுத்தியது நான் முதலில் சொன்ன சுனோ. அதில் ஒரு கட்டத்தில் பாட்டு வரிகள், இன்னொரு கட்டத்தில் பாணி. ஒருமுறை தட்டினால் இரண்டு பாட்டு வரும். நாங்கள் செய்தபோது காசு கட்டாதவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு, அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. "பியாஃப் மாதிரி" என்று போட்டால் ஏற்றுக்கொள்ளாது. பாடகர் பெயர் போடக் கூடாதாம். அதனால் "பழைய பிரெஞ்சு கேபரே, பெண் குரல், அக்கார்டியன்" என்று மட்டும் போட்டாள்.

முதல் பாட்டு வந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி மாதிரி பளபளவென்று, ஓர் இடத்திலும் மடிப்பு இல்லை. குரல் இன்றைக்கு விளம்பரத்தில் கேட்கிற பெண்ணின் குரல், காற்றுக் காற்றாக. அக்கார்டியன் ஓட்டல் லிஃப்டில் வருகிற அக்கார்டியன். எல்லாம் ஒரு பெரிய மண்டபத்துக்குள் நின்று பாடுவதுபோல எதிரொலி. பேத்தி "நல்லா இருக்குல்ல தாத்தா?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. கேபரே மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், எனக்குப் பெட்டி தெரியும். மறுநாள் பசியாறிவிட்டு இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். "பிரெஞ்சு" என்று சொன்னால் யந்திரம் சுற்றுலாக்காரர்கள் நினைக்கிற பிரெஞ்சைத்தான் எடுத்துவரும். அதனால் பெயரை விட்டுவிட்டுச் சத்தத்தைச் சொல்லச் சொன்னேன். மூன்றடித் தாளம், நம் திஸ்ரம், கொஞ்சம் விரைவாக. ஒரே மைக். சின்ன அறை, தாழ்ந்த கூரை. குரல் மைக்குக்கு வெகு அருகில், பாதிப் பேச்சு. ர-வை உருட்ட வேண்டும். இன்றைய பாரிஸ்காரர்கள் அதைத் தொண்டையில் லேசாக உரசிவிட்டுப் போய்விடுகிறார்களாம். இசைத்தட்டு 1930-களுடையது, ஸ்டீரியோ கிடையாது. இந்த மூன்றடி ஆட்டம் ஒன்றுக்குப் பாரிஸ் நடனக் கூடங்களில் ஜாவா என்று பெயர் என்று அவள் படித்திருந்தாள். பாணிக் கட்டத்தில் ஜாவா என்று போட்டோம். பின்னால் இந்தோனேசிய ஜாவாத் தீவின் கமெலான் மணி கேட்டது. அந்த வார்த்தையை உடனே எடுத்துவிட்டோம்.

பாரிஸ் அக்கார்டியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி பாரிஸ்காரர்களுடையதே அல்ல. ஒவெர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பாரிஸில் கரியும் மதுவும் விற்கும் கடை வைத்தார்கள். தோல்பையில் குழல் வைத்த ஒரு வாத்தியத்தை ஊதிக்கொண்டு ஆடினார்கள். பின்னால் இத்தாலியர்கள் கூலி வேலைக்கு வந்தபோது அக்கார்டியனைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் கொஞ்ச நாள் சண்டை போட்டு, அக்கார்டியன் ஜெயித்தது. ஆக, ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் வாத்தியம். நம் பஜனை மடத்து ஹார்மோனியம்கூட பாரிஸில் தெபேன் என்பவர் 1840-களில் காப்புரிமை வாங்கிய சாமான்தான். யார் வாத்தியம் யாருக்கு என்று கோடு போட ஆரம்பித்தால் நம் கோயில்களில் பாதி சத்தம் அடங்கிவிடும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரே சுரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரீட், அதாவது காற்றில் அதிர்கிற உலோக நாக்கு, இருக்கும். பாரிஸ் ட்யூனிங்கில் மூன்று ரீட் சேர்ந்து பேசும். ஒன்று சரியான சுருதியில் நிற்கும். இன்னொன்று மயிரிழை மேலே, மற்றொன்று மயிரிழை கீழே. மூன்றும் ஒன்றாகப் பேசும்போது சுரம் நடுங்கும். வினாடிக்கு 440 அதிர்வில் நிற்கிற ரீட்டோடு 445-இல் நிற்கிற ரீட் சேர்ந்தால் வினாடிக்கு ஐந்து தடவை அலை அடிக்கும். அந்த நடுக்கம்தான் கேட்பவரைப் பாரிஸுக்குக் கொண்டுபோகிறது, வேறு மந்திரம் எதுவும் இல்லை. ரீட்டின் நுனியைப் பிளேடால் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல் கூடிவிட்டால் அந்த ரீட்டுக்குக் கருமாதி. நான் இப்படி நாலு ரீட்டைக் கொன்றிருக்கிறேன்.

யந்திரத்திடம் "மூன்று ரீட், சுருதி கலைந்தது, நடுக்கம் வேண்டும்" என்று எழுதியதும் பெட்டியின் குரல் மாறிவிட்டது. உண்மையிலேயே மாறியது. எனக்கு முதுகில் சில்லென்றது, ஒப்புக்கொள்கிறேன். உயிர் இல்லை என்று எழுதிய வாசகர் அந்த நிமிடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

குரலில் ஒரு சிக்கல் இருந்தது. பிரெஞ்சில் சில சொற்களின் கடைசியில் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பேசும்போது விழுங்கிவிடுவார்கள், பாடும்போது லேசாக ஒலிப்பார்கள். ரோஸ் என்று பேசுகிறவர்கள் பாட்டில் ரோ-ஸ என்று முடிப்பார்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது பாட்டிலும் காணாமல் போகும். பேத்தி இதை ஒரு பெரிய அதிசயமாக விளக்கினாள். "அடியே, இது நம்ம குற்றியலுகரம்" என்றேன். வீடு, இல்லை, வீடில்லை. உகரம் எங்கே போயிற்று? உயிர் வந்ததும் ஓடிவிட்டது. அவள் ஆறாம் படிவத்தில் தமிழ் எடுத்தவள். தலையில் அடித்துக்கொண்டாள். யந்திரம் என்ன செய்தது என்றால் அந்தக் கடைசி உயிரைச் சில வரியில் ஒலித்தது, சில வரியில் விழுங்கியது. விழுங்கிய இடத்திலெல்லாம் தாளத்தில் ஒரு பல் உதிர்ந்ததுபோல ஓட்டை. வரிகளில் அந்த எழுத்தைத் தனியாகப் பிரித்து எழுதியும், இரண்டு இடத்தில் சொல்லையே மாற்றியும் சரிக்கட்டினாள். வாழையிலை வரி மட்டும் கடைசிவரை சண்டித்தனம் செய்தது.

நாலு நாளில் நாற்பது. தேறியது ஒன்று, முப்பத்தொன்றாவது. அதிலும் குற்றம் இல்லாமல் இல்லை. பொதுவாக யாரும் கவனிக்க மாட்டார்கள், பெட்டி தூக்கியவன் காதுக்குத்தான் தெரியும்: அதில் துருத்தி திரும்பவே இல்லை.

அக்கார்டியன் என்பது மூச்சு. துருத்தியை இழுத்துக்கொண்டே போக முடியாது, கை முடிகிற இடத்தில் திருப்பித் தள்ள வேண்டும். திருப்பும்போது சத்தத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். அதை எங்கே விழ வைப்பது என்பதில்தான் வாசிப்பவனின் சாமர்த்தியம். பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில் திருப்பினால் இருவரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுவோம். வார்த்தை நடுவே திருப்பினால் பாடகர் திரும்பிப் பார்த்து முறைப்பார். யந்திரத்தின் பெட்டிக்குக் கை முடிகிற இடமே இல்லை. ஓரிடத்தில் பாடுகிற பெண் மூச்சு வாங்குகிறாள், பெட்டி வாங்கவில்லை. அவள் மூச்சும் வெறும் படம்தானே என்று பிறகு தோன்றியது. ஆனால் கேட்கும்போது அப்படித் தோன்றவில்லை, பெட்டிக்காரன் பொய் என்றுதான் தோன்றியது.

இசைத்தட்டுக் கீறல் சத்தமும் அப்படித்தான். பழைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. தட்டில் ஒரு கீறல் விழுந்தால் சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்கு ஒன்றேகால் தடவைக்குச் சற்று மேல், டிக் டிக் என்று தவறாமல் வரும். சின்ன வயதில் அந்த டிக்கை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். யந்திரம் போட்ட கீறல் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இஷ்டத்துக்கு விழுந்தது. அதிலும் காதில் மாட்டிக் கேட்டால் இடப்பக்கம் ஒரு கீறல், வலப்பக்கம் ஒரு கீறல். 1930-களில் ஸ்டீரியோ கீறல்! பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், அக்கார்டியன் இல்லாமல் குரலை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டாள். நான் அலமாரி மேலிருந்து என் பெட்டியை இறக்கினேன். பதினைந்து வருடமாக யாரும் ட்யூன் பண்ணாத பெட்டி. பினாங்குக் கடற்காற்றில் ரீட் துருப்பிடித்து, உள்ளே மெழுகு இளகி, நடுக்கட்டையில் பாதி சுரம் தானாகவே கலைந்திருந்தது. காசு கொடுத்துக் கலைக்க வேண்டியதைக் கடல் இலவசமாகக் கலைத்து வைத்திருந்தது. மூன்று கட்டை மட்டும் பாரிஸைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தன, அவற்றைத் தொடாமல் வாசித்தேன். சமையற்கட்டில் கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துப் பதிவு. அந்தப் பொய்யான பெண் மூச்செடுக்கும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்துத் துருத்தியைத் திருப்பினேன். வகுப்பில் கைதட்டினார்களாம். பாடியது யந்திரம், பெட்டி என் தாத்தா என்று பேத்தி முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என்னைத் திருமண விருந்து ஒன்றுக்கு அழைத்தார். பழைய பாட்டு ராத்திரி என்று தலைப்பு. பெட்டியோடு போனேன். "ஐயா, நீங்க வாசிக்க வேண்டாம், சும்மா பிடிச்சுக்கிட்டு உட்காருங்க, பாட்டு பென் டிரைவில் இருக்கு" என்றார். பென் டிரைவில் இருந்தது ஏஐ செய்த அக்கார்டியன். இரண்டு மணி நேரம் துருத்தியை இழுப்பதுபோல் பாவனை செய்து 150 வெள்ளி வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பிட வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "அந்தக் காலத்து வாசிப்பு அப்படியே இருக்கு" என்று கண் கலங்கினார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை. அதனால் தடை கேட்கும் வாசகருக்கு என் பதில்: போடட்டும், ஆனால் இது யந்திரம் வாசித்தது என்று மேடையில் சொல்லிவிட்டுப் போடட்டும். என் பேத்தி சொன்னாளே, அந்த ஒரு வரி போதும்.

திருட்டு என்ற பேச்சும் இருக்கிறது. 2024 ஜூனில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுனோ மேலும், யூடியோ என்ற இன்னொரு பாட்டுக் கருவி மேலும் அமெரிக்காவில் வழக்குப் போட்டன, எங்கள் பதிவுகளைக் கேட்காமல் எடுத்துத்தான் யந்திரத்துக்குப் பாடம் நடத்தினீர்கள் என்று. 2025-இல் அவற்றில் சில நிறுவனங்கள் சமாதானமாகி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கேட்டு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பியாஃபின் குரலை மறுபடி உருவாக்கி அவர் கதையைப் படமாக்கப் போவதாக வார்னர் இசை நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்தபோது அவருடைய உரிமைதாரர்கள் சம்மதம் இருந்தது. இந்தச் சண்டையில் நான் பாட்டுக்காரர்கள் பக்கம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது வேறொன்று. வகுப்பு நிகழ்ச்சி முடிந்த அன்று பேத்திக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தாத்தா, இப்ப உங்க காலத்து விருந்துப் பாட்டு ஒண்ணு செய்வோம்" என்றாள். பாரிஸுக்கு எழுதினதுபோலவே கவனமாக எழுதினோம். 1970-களின் பினாங்கு, தமிழ் இன்னிசைக் குழு, திருமண விருந்து, அக்கார்டியன், போங்கோ, ஹவாய் கித்தார், தமிழ்ப் பாட்டுக்கு நடுவே நாலு வரி ஜோகெட் தாளம். பத்துப் பாட்டு வந்தது. ஒன்றில் சித்தார். இரண்டில் பம்பாய் டோல். மற்றதெல்லாம் ஏதோ படத்துப் பின்னணி இசை மாதிரி. தமிழ் வரியில் ழ வருகிற இடமெல்லாம் வழுக்கி விழுந்தது. பாரிஸுக்குச் செய்ததெல்லாம் செய்தோம். மறுநாள் இன்னும் பத்து. எங்கள் மேடை எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

ஏன் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். பாரிஸில் 1925-க்குப் பிறகு மின்சார மைக் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். கேபரேயில் பாடியவர்கள் பகலில் போய் மூன்று நிமிடத் தட்டில் அதையே பாடி வைத்தார்கள். தட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன. வாங்கியவர்கள் பத்திரப்படுத்தினார்கள். அதையெல்லாம் கேட்டுத்தானே இந்த யந்திரம் அந்த நடுக்கத்தைப் படித்திருக்கிறது. எங்களை யார் பதிவு செய்தார்கள்? நம் வானொலியில் உள்ளூர்ப் பாடகர்களின் பாட்டுகள் பதிவாகியிருக்கின்றன, அது பெரிய புண்ணியம். ஆனால் அது ஸ்டூடியோ. நான் சொல்வது விருந்து மேடை. மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடுங்கிப் பாடுவார், நாங்கள் அவர் சுருதிக்கு ஓடிப் பிடிப்போம். மூன்று மொழியில் அறிவிப்பு நடக்கும். சீனர் மேசையிலிருந்து யாம் செங் என்று குவளை தூக்கும் சத்தம் எழும்பும்போது பாட்டை ஒரு சுற்று நிறுத்தி வைத்து, குவளை கீழே வந்ததும் விட்ட இடத்தில் பிடிப்போம். அந்த நிறுத்தி வைத்தலை எங்கள் போங்கோக்காரர் செய்கிற மாதிரி நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது.

பெரிய நிறுவனங்களிடம் இருந்து எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். நம்மிடம் எடுக்கக்கூட ஒன்றும் வைக்கவில்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஒரு வேண்டுகோள். பினாங்கிலும் பேராக்கிலும் கெடாவிலும் அந்தக் காலத்துக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். திருமண வீடுகளில் கேசட்டில் பதிவு செய்தவர்களும் இருப்பார்கள். பெண் வீட்டார் மொய்ப் பணம் அறிவிப்பதைப் பதிவு செய்ய வைத்த கேசட்டில் எங்கள் பாட்டும் விழுந்திருக்கும். அப்படி யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அதைக் கணினியில் ஏற்றித் தர என் பேத்தி தயார். யந்திரத்துக்குக் கொடுப்பதற்காக இல்லை. கொடுக்கிறோமா இல்லையா என்று நாம் முடிவு செய்வதற்கு முதலில் நம் கையில் இருக்க வேண்டுமே. கேசட் ஓட்டும் கருவி நல்ல நிலையில் வைத்திருப்பவர்களும் சொல்லியனுப்புங்கள். எங்களுடையது நாடாவைத் தின்கிறது.

என்னிடம் மைலோ டின்னில் பதினொரு கேசட் இருக்கிறது. மூன்றில் வெள்ளைப் பூஞ்சை. ஒன்று அறுந்துவிட்டது, ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது, 1981-இல் பிறையில் நடந்த ஒரு விருந்து. என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று அதன் மேலேயே 'மரம் வளர்ப்போம்' என்று பேசிப் பதிந்துவிட்டாள். அவள் நன்றி வணக்கம் சொல்லி முடித்த பிறகு நாற்பது வினாடி மிச்சம். தட்டு விழுகிற சத்தம், ஒரு குழந்தை அழுகை, போங்கோ, அப்புறம் நான். பேத்தி காதில் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, இங்க துருத்தியைத் தப்பான இடத்தில திருப்பிட்டீங்க" என்றாள்.

இப்படிக்கு,
பழைய அக்கார்டியன்காரன்
ஆயர் ஈத்தாம், பினாங்கு